பெர்ஃபார்மன்ஸ் கவுன்ட்டர் பழுதானால் எங்கிருந்து தேடுவது?

கண்காணிப்புத் திரையில் ஒரு சர்வரின் பிராசஸர் கோடு நள்ளிரவில் அறுந்து, காலையில் வந்து பார்க்கும்போது அந்த இடம் வெறுமையாக இருந்தால், முதலில் எழும் கேள்வி சர்வர் நின்றுவிட்டதா என்பதுதான். போய்ப் பார்த்தால் சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது, பயனர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள், டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் எண்கள் ஒழுங்காகவே வருகின்றன. கண்காணிக்கும் மென்பொருளுக்கு மட்டும் எதுவும் வந்து சேரவில்லை. இப்படிப்பட்ட நேரங்களில் பழுதாகியிருப்பது கணினி அன்று, கணினியை அளக்கும் ஏற்பாடு. விண்டோஸில் அந்த ஏற்பாட்டுக்குப் பெர்ஃபார்மன்ஸ் கவுன்ட்டர் என்று பெயர். அது எப்படி வேலை செய்கிறது, எந்தெந்த இடங்களில் அறுகிறது, அறுந்த இடத்தை எந்த வரிசையில் தேடுவது என்பதை, சர்வர் நிர்வாகத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

இந்தச் சிக்கலைப் பற்றி யாரிடம் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே ஒரு கட்டளையைத்தான் சொல்வார்கள்: கவுன்ட்டர்கள் முழுவதையும் மறுபடி கட்டியெழுப்பும் கட்டளை. அது தவறான கட்டளை அன்று. ஆனால் அது ஒரு வகைப் பழுதுக்கு மட்டுமே மருந்து. கவுன்ட்டர் என்பது பெயர், எண், அளவைத் திரட்டித் தரும் நூலகம், படிக்கும் உரிமை, அளவைப் படித்துக் கண்காணிப்பு மென்பொருளுக்கு அனுப்பும் சிறு நிரலான ஏஜென்ட் எனப் பல கண்ணிகளால் ஆன சங்கிலி. எந்தக் கண்ணி விட்டுப்போனது என்று பார்க்காமல் கட்டளையை ஓட்டினால், நன்றாக இருந்த வேறு கண்ணியும் சேர்ந்து விட்டுப்போகலாம். ஆகவே கட்டளைக்குப் போகும் முன் சங்கிலியைத் தெரிந்துகொள்வோம்.

மின் மீட்டரைப் போன்ற ஓர் எண்

வீட்டு மின் மீட்டரில் 48,210 என்று இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மாதம் எவ்வளவு மின்சாரம் செலவானது என்று யாராலும் சொல்ல முடியாது. போன முறை குறித்துவைத்த எண்ணைக் கழித்தால்தான் கணக்கு வரும். விண்டோஸின் கவுன்ட்டர்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இயங்குகின்றன. கணினி தொடங்கிய நேரத்திலிருந்து எண் ஏறிக்கொண்டே போகும்; கண்காணிப்பு மென்பொருள் இரண்டு முறை படித்து, வித்தியாசத்தை எடுத்து, இடைப்பட்ட நேரத்தால் வகுத்து, நமக்குத் தெரிந்த சதவீதமாகவோ ‘விநாடிக்கு இவ்வளவு’ என்றோ காட்டும்.

பிராசஸர் பயன்பாட்டை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் இங்கே பிராசஸர் வேலை செய்த நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. சும்மா இருந்த நேரத்தை எடுத்து, அதை முழு நேரத்திலிருந்து கழிக்கிறது. நேரத்தின் அலகு 100 நானோ விநாடி. அதாவது ஒரு விநாடிக்கு 1 கோடி அலகுகள். முதல் முறை படித்ததற்கும் இரண்டாம் முறை படித்ததற்கும் இடையில் 10 விநாடி என்றால், கடந்தது 10 கோடி அலகு. அந்த இடைவெளியில் ஒரு பிராசஸரின் ‘சும்மா இருந்த நேரம்’ 7 கோடி அலகு கூடியிருந்தால், அது 70 சதவீத நேரம் சும்மா இருந்திருக்கிறது, 30 சதவீத நேரம் வேலை செய்திருக்கிறது. திரையில் 30 என்று வரைபடம் ஏறும்.

இந்தச் சிறு கணக்கைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்று புதியவர்களிடம் வற்புறுத்திச் சொல்வேன். ஏனென்றால், பழுது என்று நாம் நினைக்கும் பலவற்றுக்கு இதிலேயே விடை இருக்கிறது. முதல் முறை படிக்கும்போது கழிப்பதற்கு முந்தைய எண் இல்லை. ஆகவே ஏஜென்டை ரீஸ்டார்ட் செய்தவுடன் வரும் முதல் மதிப்பு வெறுமையாகவோ பூஜ்யமாகவோ இருப்பது இயல்பு. மெய்நிகர் இயந்திரம் ஒன்றைப் பழைய நிலைக்குத் திருப்பியபின் நேரமுத்திரை பின்னால் போய்விட்டால், வகுக்கும் எண் எதிர்மறையாகி, ‘மதிப்பைக் கணக்கிட முடியவில்லை’ என்ற பிழை வரும். இவற்றில் எதற்கும் கவுன்ட்டர்களை மறுபடி கட்டியெழுப்பத் தேவையில்லை. அடுத்த ஓரிரு வாசிப்பில் தாமாகவே சரியாகிவிடும்.

பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்

பெர்ஃப்மான் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் ‘மெமரி’ என்றும் ‘பிராசஸர் டைம்’ என்றும் பெயர்களைத்தான் பார்க்கிறோம். உள்ளே விண்டோஸுக்கு அந்தப் பெயர்கள் தேவையில்லை. அது எண்களால்தான் அடையாளம் காண்கிறது. எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்ற அகராதி, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், விண்டோஸ் என்டி பகுதியின் கீழ், பெர்ஃப்லிப் என்ற கிளையில் இருக்கிறது. அதற்குள் 009 என்று ஒரு கிளை உண்டு. 009 என்பது ஆங்கிலத்தின் மொழி எண். ஜெர்மன் விண்டோஸில் கூடுதலாக 007 என்ற கிளையும் இருக்கும்.

009-ஐத் திறந்து ‘கவுன்ட்டர்’ என்ற மதிப்பை இருமுறை சொடுக்கினால், ஒரு நீளமான பட்டியல் விரியும். முதல் வரி 1. அடுத்த வரி 1847. பிறகு 2, அதன் கீழ் சிஸ்டம். 4, அதன் கீழ் மெமரி. 6, அதன் கீழ் பிராசஸர் டைம். இப்படியே ஓர் எண், ஒரு பெயர், ஓர் எண், ஒரு பெயர் என்று கீழே கீழே போய்க்கொண்டிருக்கும். கவுன்ட்டர் பெயர்களுக்கு இரட்டைப்படை எண்கள். ‘ஹெல்ப்’ என்ற பக்கத்து மதிப்பில் உள்ள விளக்க வாசகங்களுக்கு ஒற்றைப்படை எண்கள். மேலே பார்த்த 1847 என்பது விண்டோஸின் சொந்தப் பெயர்களுக்கு ஒதுக்கப்பட்ட எண்களின் எல்லை. தரவுத்தள மென்பொருள், பேக்கப் மென்பொருள், ஆன்டிவைரஸ் என்று பிறகு வந்து சேர்பவை எல்லாம் 1848-லிருந்து இடம் பிடிக்கும். பட்டியல் எந்த எண்ணோடு முடிகிறது என்பதை ‘லாஸ்ட் கவுன்ட்டர்’, ‘லாஸ்ட் ஹெல்ப்’ என்ற இரு மதிப்புகள் பெர்ஃப்லிப் கிளையிலேயே தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

சங்கிலியின் அடுத்த கண்ணி அந்தந்த சர்வீஸின் (பின்னணியில் ஓடும் நிரலின்) கிளையில் இருக்கிறது. கவுன்ட்டர் தரும் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்ற ஓர் உட்கிளை உண்டு. அதில் ‘ஃபர்ஸ்ட் கவுன்ட்டர்’, ‘லாஸ்ட் கவுன்ட்டர்’ என்று அந்த சர்வீஸுக்குக் கிடைத்த எண்கள் இருக்கும். ‘லைப்ரரி’ என்ற மதிப்பில் அளவுகளைத் திரட்டித் தரும் டிஎல்எல் கோப்பின் பெயர் இருக்கும். அந்த டிஎல்எல்-க்குள் ‘ஓப்பன்’, ‘கலெக்ட்’, ‘குளோஸ்’ என்ற மூன்று வேலைகளுக்கான நுழைவாயில்களின் பெயர்களும் இருக்கும். பெர்ஃப்மானில் நாம் ஒரு கவுன்ட்டரைத் தேர்ந்தெடுத்ததும், விண்டோஸ் அந்த டிஎல்எல்-ஐ ஏற்றி, ஓப்பனை அழைத்து, பின் ஒவ்வொரு வாசிப்புக்கும் கலெக்டை அழைக்கிறது. (விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இதற்கு மாற்றாகப் புதிய முறை ஒன்றும் வந்தது; பழைய முறையும் நீங்கவில்லை, பழுதாகிறவற்றில் பெரும்பகுதி இந்தப் பழைய முறையைச் சேர்ந்தவையே.)

டாஸ்க் மேனேஜர் மட்டும் ஏன் சரியாகக் காட்டுகிறது என்பதற்கு இப்போது விடை கிடைத்துவிடும். பிராசஸர், மெமரி போன்ற அடிப்படை எண்களை அது இந்த அகராதி வழியாகப் போகாமல், நேரே விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலிடம் கேட்டு வாங்குகிறது. அகராதி கிழிந்திருந்தாலும் அதற்குத் தெரியாது.

எப்படிக் கிழிகிறது

என் பொறுப்பில் இருந்த ஒரு தரவுத்தள சர்வரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை பழைய பேக்கப் மென்பொருளை நீக்கினோம். நீக்கும் வேலை பாதியில் தொங்கிவிட்டது; காத்திருந்து பார்த்து, சர்வரை ரீஸ்டார்ட் செய்தோம். மென்பொருள் பட்டியலில் அந்தப் பெயர் மறைந்துவிட்டது, சர்வரும் நன்றாக எழுந்தது, நாங்களும் வீட்டுக்குப் போய்விட்டோம். உள்ளே நடந்தது வேறு. நீக்கும் நிரல் தன் பெயர்களை அகராதியிலிருந்து எடுக்கத் தொடங்கி, பட்டியலை முழுமையாகத் திருப்பி எழுதும் முன் நின்றுபோயிருக்கிறது. பட்டியலின் கடைசி எண் ஒன்றாகவும், ‘லாஸ்ட் கவுன்ட்டர்’ சொல்லும் எண் வேறொன்றாகவும் ஆகிவிட்டன. அதன் பின் பெர்ஃப்மானைத் திறந்தால், மெமரி என்று இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லை. சில இடங்களில் பெயருக்குப் பதிலாக வெறும் எண்கள் நின்றன.

இதுதான் முதல் வகைப் பழுது: அகராதிப் பழுது. நிறுவலோ நீக்கமோ இடையில் முறிவது, ஒரே நேரத்தில் இரண்டு நிறுவல்கள் அகராதியில் எழுதுவது, ரெஜிஸ்ட்ரியைச் ‘சுத்தம்’ செய்வதாகச் சொல்லும் கருவிகள் கை வைப்பது ஆகியவை இதற்குக் காரணமாகின்றன. அடையாளம் காண்பது எளிது. பெயர்களுக்குப் பதில் எண்கள் தெரிவது, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல கவுன்ட்டர்கள் ஒரே சமயத்தில் காணாமல் போவது, மைக்ரோசாஃப்ட்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரின் நிறுவல் சோதனை, கவுன்ட்டர் ரெஜிஸ்ட்ரி சீராக இல்லை என்று தடுத்து நிறுத்துவது ஆகிய மூன்றில் எது இருந்தாலும் சந்தேகம் அகராதியின் மேல் விழ வேண்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளைத் திறந்து, லோட்பெர்ஃப் என்ற மூலத்திலிருந்து 3011 அல்லது 3012 எண்ணுள்ள பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். 3012 இருந்தால், பெயர்ப் பட்டியல் சிதைந்துவிட்டது என்று விண்டோஸே எழுதிவைத்திருக்கிறது என்று பொருள்.

இரண்டாம் வகை, நூலகப் பழுது. அகராதி சரியாக இருக்கும், பெயரும் பட்டியலில் தெரியும், தேர்ந்தெடுத்தால் மதிப்பு வராது. டிஎல்எல் கோப்பு நீக்கப்பட்டிருக்கலாம், பாதை மாறியிருக்கலாம், 32 பிட் கோப்பை 64 பிட் நிரல் ஏற்ற முயன்றிருக்கலாம். அப்போது பெர்ஃப்லிப் என்ற மூலத்திலிருந்து ஈவன்ட்கள் வரும்: டிஎல்எல்-ஐ ஏற்றவே முடியாவிட்டால் 1023, ஏற்றியபின் ஓப்பன் தோற்றால் 1008. இவை ஒரே ஒரு சர்வீஸின் பெயரைச் சுட்டிச் சொல்லும் என்பதால், அந்தப் பெயரைப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அந்த சர்வீஸ் நீங்கள் கண்காணிக்காத ஏதோ ஒன்றாக இருந்தால், பதற வேண்டியதும் இல்லை.

இதே வகையில் எளிதில் கண்ணில் படாத ஒன்று உண்டு. ஒரு டிஎல்எல் தொடர்ந்து பிழை செய்தால், மற்றவற்றைக் காப்பதற்காக விண்டோஸ் அதை ஒதுக்கிவைத்துவிடும். அந்த சர்வீஸின் பெர்ஃபார்மன்ஸ் கிளையில் ‘டிஸேபிள் பெர்ஃபார்மன்ஸ் கவுன்ட்டர்ஸ்’ என்ற மதிப்பு 1 என்று எழுதப்படும், ஈவன்ட் 1017 பதிவாகும். அதன் பிறகு டிஎல்எல்-ஐ நீங்கள் சரிசெய்தாலும் கவுன்ட்டர் திரும்பாது, ஏனென்றால் ஒதுக்கிவைத்த குறி அப்படியே இருக்கிறது. அதை நீக்கும்வரை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் பயனில்லை.

மூன்றாம் வகையில் கவுன்ட்டரில் பழுதே இராது. படிக்கிறவருக்கு உரிமை இருக்காது அல்லது வழி அடைபட்டிருக்கும். பிற கணினியிலிருந்து கவுன்ட்டர்களைப் படிக்க, இலக்கு சர்வரில் ‘ரிமோட் ரெஜிஸ்ட்ரி’ சர்வீஸ் ஓட வேண்டும். ஃபயர்வால் வழிவிட வேண்டும். படிக்கும் கணக்கு ‘பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் யூஸர்ஸ்’ குழுவிலாவது இருக்க வேண்டும். பாதுகாப்பு விதிகளை இறுக்கிய மறுநாள் முப்பது சர்வர்களின் வரைபடங்கள் ஒன்றாக அறுந்தால், முப்பது அகராதிகள் ஒரே இரவில் கிழிந்திருக்க வாய்ப்பில்லை. ஏஜென்ட் ஓடும் கணக்கின் கடவுச்சொல் காலாவதியாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பெயரின் மொழி தொடர்பான சிக்கலும் இங்கே சேரும். ஜெர்மன் விண்டோஸில் பிராசஸர் கவுன்ட்டருக்கு ஜெர்மன் பெயர்தான். ஆங்கிலப் பெயரை நேரே எழுதிவைத்த கண்காணிப்பு விதி அங்கே ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற பிழையைத் தரும். எந்த மொழி விண்டோஸிலும் ஆங்கிலப் பெயரால் கேட்கும் வசதி விஸ்டாவிலிருந்து இருக்கிறது. ஏஜென்ட் அதைப் பயன்படுத்துகிறதா என்பதுதான் கேள்வி.

தேடும் வரிசை

நான் கடைப்பிடிக்கும் வரிசை, செலவு குறைந்த கேள்வியிலிருந்து தொடங்குவது. சர்வருக்குள்ளேயே உட்கார்ந்து, அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து, பெர்ஃப்மானைத் திறந்து அதே கவுன்ட்டரைச் சேர்த்துப் பாருங்கள். அங்கே கோடு ஓடினால் கவுன்ட்டர் நலமாக இருக்கிறது. பழுது ஏஜென்டிலோ உரிமையிலோ வலையமைப்பிலோதான். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ரெஜிஸ்ட்ரியில் கை வைத்தவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன், தொடக்க காலத்தில் நானும் அப்படிச் செய்திருக்கிறேன்.

அங்கும் ஓடவில்லை என்றால், காணாமல் போனது ஒரு சர்வீஸின் கவுன்ட்டர்களா, எல்லாமா என்று பிரித்தறியுங்கள். கமாண்ட் பிராம்ப்டில் டைப்பெர்ஃப் என்ற கட்டளையைக் ‘க்யூ’ என்ற விருப்பத்தோடு ஓட்டினால், அந்தக் கணினி அறிந்த கவுன்ட்டர்கள் அனைத்தும் வரிசையாக வரும். அதே வகை சர்வர் இன்னொன்றின் பட்டியலோடு ஒப்பிட்டால் எது இல்லை என்று கண்ணெதிரே தெரியும். பவர்ஷெல் பழக்கமானவர்களுக்கு கெட்-கவுன்ட்டர் அதே வேலையைச் செய்யும். ஒன்று மட்டும் இல்லையென்றால் ஈவன்ட் வியூவரில் அந்த சர்வீஸின் பெயரைத் தேடுங்கள்.

32 பிட், 64 பிட் குழப்பத்தை இந்த இடத்திலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. 64 பிட் விண்டோஸில் வழக்கமான பெர்ஃப்மான் 64 பிட் டிஎல்எல்-களை மட்டுமே நேரடியாக ஏற்றும். 32 பிட் நூலகம் மட்டும் கொண்ட பழைய மென்பொருளின் கவுன்ட்டர் அதில் தெரியாமல் போகலாம். சிஸ்வாவ்64 கோப்புறையில் உள்ள 32 பிட் பெர்ஃப்மானைத் திறந்தால் தெரியும். பெயரில் 64 இருந்தாலும் அந்தக் கோப்புறையில் இருப்பவை 32 பிட் நிரல்கள், சிஸ்டம்32-இல் இருப்பவை 64 பிட் நிரல்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தலைகீழ்ப் பெயர் பலரை ஏமாற்றியிருக்கிறது.

சரிசெய்யும்போது

கவுன்ட்டர்களைப் பதிவுசெய்யும் கட்டளையின் பெயர் லோட்சிடிஆர். ஆங்கிலத்தில் ‘லோட்’ என்ற சொல்லில் ஏ எழுத்தை விட்டுவிட்டு, ‘கவுன்ட்டர்’ என்ற சொல்லிலிருந்து சி, டி, ஆர் மூன்றையும் எடுத்து ஒட்டிய பெயர் அது. பதிவை நீக்கும் கட்டளைக்கு அதன் முன்னால் ‘அன்’ சேரும். லோட்சிடிஆரை ‘க்யூ’ விருப்பத்தோடு ஓட்டினால் ஒவ்வொரு சர்வீஸின் பெயரும், அதன் கவுன்ட்டர்கள் இயக்கத்தில் உள்ளனவா ஒதுக்கப்பட்டுள்ளனவா என்பதும் வரும். ஒதுக்கப்பட்டது என்று வந்தால், முதலில் டிஎல்எல்-இன் பிழையைத் தீர்த்து, பிறகு ‘இ’ விருப்பத்தோடு சர்வீஸின் பெயரைக் கொடுத்தால் மீண்டும் இயக்கத்துக்கு வரும். வேறு எதையும் தொட வேண்டாம்.

ஒரு சர்வீஸின் பதிவு மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் நீக்கிச் சேர்ப்பதே நல்லது. எஸ்க்யூஎல் சர்வரை எடுத்துக்கொண்டால், அன்லோட்சிடிஆரால் அந்த இன்ஸ்டன்ஸின் (சர்வரில் ஓடும் அதன் ஒரு பிரதியின்) பதிவை நீக்கிவிட்டு, அதன் ‘பின்’ (Binn) என்ற நிரல் கோப்புறையில் இருக்கும், எஸ்க்யூஎல்சிடிஆர் என்று பெயர் முடியும் ஐஎன்ஐ கோப்பை (கவுன்ட்டர்களின் பெயர்களும் விளக்கங்களும் உள்ள கோப்பு) லோட்சிடிஆருக்குக் கொடுத்தால் போதும். இன்ஸ்டன்ஸை ரீஸ்டார்ட் செய்ய நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

அகராதியே சிதைந்துவிட்டது என்று உறுதியானால்தான் பெரிய எழுத்து ‘ஆர்’ விருப்பம். இது ரெஜிஸ்ட்ரியில் எஞ்சியிருப்பதையும், விண்டோஸ் பாதுகாத்து வைத்திருக்கும் ஐஎன்ஐ கோப்புகளையும் கொண்டு பட்டியல் முழுவதையும் மறுபடி கட்டுகிறது. ஓட்டும் முன் பெர்ஃப்லிப் கிளையை ஏற்றுமதி செய்து ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஐஎன்ஐ கோப்பு தொலைந்துபோன பிற மென்பொருள்களின் கவுன்ட்டர்கள் இந்தக் கட்டலில் திரும்பி வராமல் போகலாம். ஆகவே கட்டுவதற்கு முன் டைப்பெர்ஃப் பட்டியலையும் சேமித்துவைத்தால், பின்னர் எது விட்டுப்போனது என்று ஒப்பிட முடியும். 64 பிட் சர்வரில் கட்டளையைச் சிஸ்டம்32-இலிருந்து ஒருமுறையும் சிஸ்வாவ்64-இலிருந்து ஒருமுறையும் ஓட்டுவது வழக்கம். ஓர் இடத்தில் பிழை எண் 2 வந்து நின்றால், மற்றதிலிருந்து ஓட்டும்போது பல நேரம் நிறைவேறிவிடுகிறது. இரண்டையும் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில்தான் ஓட்ட வேண்டும்.

கட்டியதோடு வேலை முடியவில்லை. பல கண்காணிப்பு மென்பொருள்கள் கவுன்ட்டர்களை நேரே படிக்காமல், கணினியின் நிர்வாகத் தகவல்களைத் தரும் விண்டோஸ் வசதியான டபிள்யூஎம்ஐ வழியாகப் படிக்கின்றன. அது தனக்கென்று ஒரு பிரதியை வைத்திருக்கிறது. வின்எம்ஜிஎம்டி கட்டளையை ‘ரீசிங்க்பெர்ஃப்’ விருப்பத்தோடு ஓட்டினால் அந்தப் பிரதி புதுப்பிக்கப்படும். பிறகு ஏஜென்ட் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஏஜென்ட் தான் தொடங்கிய நேரத்தில் படித்த பழைய அகராதியைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும். புதிய எண்கள் அதற்குத் தெரியாது. ‘எல்லாம் செய்தேன், சரியாகவில்லை’ என்று சொல்பவர்களில் பலர் இந்தக் கடைசிப் படியில்தான் நின்றுவிடுகிறார்கள்.

பழுது போலத் தோன்றுபவை

நன்றாக இருக்கும் கவுன்ட்டரைப் பழுது என்று நினைத்து நாள் கணக்கில் போராட வைக்கும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். பிராசஸர் பயன்பாடு டாஸ்க் மேனேஜரில் ஓர் எண்ணாகவும் கண்காணிப்புத் திரையில் வேறோர் எண்ணாகவும் இருக்கலாம். விண்டோஸ் 8 வந்தபோது டாஸ்க் மேனேஜர், பிராசஸரின் அப்போதைய வேகத்தையும் கணக்கில் சேர்க்கும் ‘பிராசஸர் யூட்டிலிட்டி’ என்ற அளவுக்கு மாறியது. நாம் மேலே காகிதத்தில் போட்டது ‘பிராசஸர் டைம்’. பிராசஸர் தன் அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடும்போது யூட்டிலிட்டி 100-ஐயும் கடக்கும். இரண்டும் சரியானவை, அளக்கும் பொருள் வேறு.

மற்றது, ஒரே பெயரில் பல புராசஸ்கள் (இயங்கும் நிரல்கள்) ஓடும்போது வருவது. அவற்றை விண்டோஸ் பெயர், பெயர்#1, பெயர்#2 என்று வரிசைப்படுத்துகிறது. நடுவில் இருப்பது முடிந்துவிட்டால், அடுத்தது அதன் எண்ணுக்கு நகரும். நேற்றுவரை #2 என்று நீங்கள் பின்தொடர்ந்தது இன்று #1. வரைபடத்தில் திடீர்ச் சரிவோ பேரேற்றமோ தெரியும். விண்டோஸ் 11-இல் புராசஸின் அடையாள எண்ணையே பெயரில் சேர்க்கும் ‘புராசஸ் வி2’ என்ற தொகுதி இருக்கிறது. பழைய சர்வர்களில் அடையாள எண்ணைத் தரும் கவுன்ட்டரையும் சேர்த்து எடுத்துத்தான் பொருத்த வேண்டும்.

வெறுமையும் பூஜ்யமும்

என் சர்வரின் கதைக்குத் திரும்புகிறேன். அகராதி கிழிந்தது சனிக்கிழமை. அதை நாங்கள் கண்டுபிடித்தது பதினோரு நாள் கழித்து, அதுவும் சர்வர் மெமரி தீர்ந்து திணறிய பிறகு. இடைப்பட்ட நாள்களில் எங்கள் கண்காணிப்புத் திரை பச்சையாகவே இருந்தது. மெமரி 90 சதவீதத்தைத் தாண்டினால் அலர்ட் அனுப்பு என்பது விதி. மதிப்பே வராதபோது அது 90-ஐத் தாண்டுவதில்லை. போதாததற்கு, வராத மதிப்பைப் பூஜ்யமாக வரையும்படி யாரோ முன்பு அமைத்திருந்தார்கள், ஆகவே திரையைப் பார்த்தவர்களுக்கு அந்த சர்வர் மிக அமைதியாக இருப்பதாகத் தோன்றியது. மெமரி பயன்பாடு பூஜ்யமாக இருக்கும் ஒரு சர்வர் உலகில் எங்கும் இல்லை என்பது அந்தக் கோட்டைப் பார்த்த எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் கவுன்ட்டரைச் சரிசெய்ய எங்களுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆகவே பழுது நீக்கியபின் இரண்டு அமைப்புகளை உடனே மாற்றினோம். வராத மதிப்பு இடைவெளியாகவே வரையப்பட வேண்டும், பூஜ்யமாக அன்று. பதினைந்து நிமிடம் மதிப்பு வராவிட்டால் அதற்கே ஓர் அலர்ட். அடுத்து, எல்லாம் நலமாக இருக்கும் ஒரு நாளில், லோட்சிடிஆரின் ‘எஸ்’ விருப்பத்தோடு ஒவ்வொரு சர்வரின் கவுன்ட்டர் அமைப்பையும் ஒரு கோப்பில் சேமித்து வைத்தோம். அகராதி மறுபடி கிழிந்தால் அந்த சர்வருக்கு உரிய கோப்பிலிருந்தே திரும்ப ஏற்றலாம்.

திரும்பி வந்த கவுன்ட்டர் உண்மையைத்தான் சொல்கிறதா என்பதை, தெரிந்த ஒரு வேலையைக் கொடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்தோம். ஒரு பெரிய கோப்பை ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்தோம். திரையில் டிஸ்க் கோடு எழுந்தது, நகல் முடிந்ததும் இறங்கியது. பெரிய தரவுத்தள வினவல் ஒன்றை ஓட்டினோம்; மெமரி கோடு படிப்படியாக ஏறி நின்றது. வரைபடத்தில் அந்தப் பதினோரு நாள்களுக்கான பூஜ்யங்களை அழித்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டு, ‘இங்கே அளவு இல்லை’ என்று ஒரு குறிப்பை எழுதிவைத்தோம்.